நடக்க நேரமில்லாத சகோதரிக்கு

வாசகர் கடிதம்:

டாக்டர், எனக்கு 41 வயது. திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் வீடு. நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை 4.45-க்கு எழுந்தால்தான் சமையலை முடித்து, பிள்ளைகளை அனுப்பி, 7.50 பஸ்ஸைப் பிடிக்க முடியும். அண்ணா பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆபீசுக்குக் கால் மணி நேரம் நடந்து போக வேண்டும். மாலை 6 மணிக்கு வேலை முடிந்து வீடு வர ஏழேகால். அதன்பிறகு இரவுச் சமையல், பாத்திரம், பிள்ளைகளின் பாடம். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. மாமியாருக்கு 68 வயது, கூட இருக்கிறார். கணவர் சவுதியில். அவர் டியூட்டி முடிந்து அறைக்கு வந்து கூப்பிடும்போது நமக்கு இரவு பத்தரை. பேசிவிட்டுப் படுக்கப் பன்னிரண்டு ஆகிவிடும்.

ஐந்து வருடத்தில் ஒன்பது கிலோ கூடி இப்போது 71 கிலோ இருக்கிறேன். உயரம் 156 செ.மீ. ஆபீசில் நடந்த முகாமில் எச்.பி.ஏ.1.சி. என்ற சர்க்கரைப் பரிசோதனையில் 6.1 என்று வந்தது. தினமும் 45 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். ஷூ வாங்கி, நான்கு மணிக்கே எழுந்து ஒரு வாரம் நடந்தேன். முழங்கால் வலி வந்து விட்டுவிட்டேன். ஷூ கட்டிலுக்கடியில் கிடக்கிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் மகன்மேல் எரிந்து விழுகிறேன். முன்பு கோவில் பாடகர் குழுவில் பாடுவேன், அதையும் நிறுத்திவிட்டேன். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா டாக்டர்? எதை விட்டுவிட்டு எதற்கு நேரம் ஒதுக்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் சோம்பேறி இல்லை. ஒரு நாளில் பத்தொன்பது மணி நேரம் கண்விழித்து ஓடுகிற ஒருவர் தன்னைப் பற்றி இப்படி எழுதுவதைப் படிக்க வருத்தமாக இருந்தது. இந்த மாவட்டத்தில் பொது மருத்துவம் பார்க்கிற எனக்கு உங்கள் கேள்வி புதிதில்லை. கணவர் வளைகுடாவில், வீடும் வேலையும் பிள்ளைகளும் ஒற்றை ஆளின் தலையில் என்று வாழ்கிற பெண்கள் கருங்கலிலும் குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் எத்தனையோ பேர். அவர்களிடம் ‘தினமும் முக்கால் மணி நேரம் நட’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். அந்த முக்கால் மணி நேரம் எங்கிருந்து வரும் என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? நீங்கள் அதைத் தூக்கத்திலிருந்து எடுத்தீர்கள். கணக்கு அங்கேதான் தப்பியது.

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது 71 கிலோவும் இல்லை, 6.1-ம் இல்லை. பன்னிரண்டுக்குப் படுத்து 4.45-க்கு எழுவதுதான். ஐந்து மணி நேரம்கூடத் தேறவில்லை. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் களைப்பு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். சர்க்கரையும் ஏறும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 1999-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோய் எதுவும் இல்லாத 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுச் சோதித்தார்கள். அந்த ஆறு நாளிலேயே அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துபோனது. மன அழுத்தத்தோடு சேர்ந்து வரும் கார்டிசால் என்ற ஹார்மோன் சாயங்காலமும் கூடுதலாகவே நின்றது. திரும்ப நன்றாகத் தூங்கவிட்டதும் எல்லாம் சரியானது. அவர்களுக்கு ஆறு இரவு. உங்களுக்கு எத்தனை வருடம் என்று நினைத்துப் பாருங்கள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன் குறையும். சாயங்காலம் நாலு மணிக்கு வடைமேல் கை போவதற்கும், சின்ன விஷயத்துக்கெல்லாம் மகன்மேல் நீங்கள் வெடிப்பதற்கும் இதில் பங்கு உண்டு. அது உங்கள் குணம் கெட்டுப்போனது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே அதிகாலை நடையைத் திரும்பத் தொடங்காதீர்கள். நான்கு மணி இருட்டில் தெருநாய்க்கும் கழுத்துச் சங்கிலிக்கும் பயந்து நடப்பது யாருக்கும் நல்லதில்லை, அது வேறு. உங்களுக்கு முதல் மருந்து தூக்கம். இன்னும் இரண்டேகால் மணி நேரம் சேர்க்க வேண்டும். பத்தேகாலுக்குப் படுத்து ஐந்தேகாலுக்கு எழுவது என்று இலக்கு வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் வராது. வாரத்துக்குக் கால் மணி நேரமாக முன்னால் நகர்த்தினால் போதும்.

இதற்கு வழியில் நிற்பது அந்தப் பத்தரை மணி அழைப்பு. அதைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. நாள் முழுக்க உழைத்துவிட்டு ஒருவர் குரலை இன்னொருவர் கேட்கும் நேரம் அது. ஆனால் வேறு நேரம் இருக்கிறது. சவுதி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் 7.50-க்குப் பஸ்ஸில் உட்காரும்போது அங்கே 5.20. டியூட்டிக்குப் புறப்படுகிற பலரும் எழுந்திருக்கும் நேரம். பஸ்ஸில் ஒரு மணி நேரம் உங்களுக்கு வேறு வேலை இல்லை. இருக்கை கிடைத்தால் அப்போது பேசுங்கள். இரைச்சல் என்றால் குரல் செய்தி அனுப்புங்கள், அவர் வசதிப்படும்போது கேட்டுப் பதில் போடட்டும். இரவு நீண்ட பேச்சை வாரத்தில் இரண்டு நாளுக்கு வையுங்கள். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழன் இரவு அவருக்குச் சௌகரியம். மறுநாள் உங்களுக்கு ஆபீஸ் இல்லாததால் சனி இரவு உங்களுக்குச் சௌகரியம். பிள்ளைகள் வெள்ளி சாயங்காலம் அப்பாவோடு ஆற அமரப் பேசட்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். ‘டாக்டர் சொன்னார், சர்க்கரை வரும் நிலையில் இருக்கிறது, தூங்கியே ஆகணும்’ என்று என் தலையில் போட்டுச் சொல்லுங்கள். கடல் தாண்டி இருக்கும் ஆளுக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று உண்மையாகத் தெரிந்தால்தான் அவரும் கூட நிற்க முடியும்.

காலை அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்க வேண்டுமென்றால் அடுக்களை வேலையில் கொஞ்சம் கைமாற வேண்டும். நம் ஊர்ச் சமையலில் நேரத்தைத் தின்பது தேங்காய். துவரனுக்குத் துருவல், குழம்புக்கு அரைப்பு, தீயலுக்கு வறுத்து அரைப்பது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபின் நாலைந்து தேங்காயைத் துருவி, ஒரு நாளைக்கு வேண்டிய அளவாகச் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் வாரம் முழுக்கத் துருவியைத் தொட வேண்டாம். ஆறாம் வகுப்புப் பையன் துருவலாம். மேலே கறுப்பு விழுந்தால் பரவாயில்லை, குழம்பு கெட்டுப்போகாது. இரவே காய் நறுக்கி வைப்பதும், சாளை மீனைக் கழுவி மஞ்சள் உப்புப் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பதும் மகளுக்கும் மாமியாருக்கும் முடியாத வேலையா? பத்தாம் வகுப்பு மகளைப் படிப்பு கெடும் என்று எதற்கும் கூப்பிடாமல் விடுகிற அம்மாக்களைப் பார்க்கிறேன். ஒரு மணி நேரம் படித்துவிட்டுப் பத்து நிமிடம் எழுந்து பாத்திரம் கழுவினால் படிப்பு கெடாது.

மாமியாரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அவர் படுத்த படுக்கையாக இல்லாதவரை அவருக்கும் வேலை வேண்டும். அறுபத்தெட்டு வயதில் ‘நீங்க இருங்க, நான் பார்த்துக்கிறேன்’ என்று ஓரமாக உட்காரவைத்துவிட்டால் கால் பலமும் போகும், மனசும் சோரும். ‘மாமி, காலையில புட்டுக்கு மாவு நனைச்சு வைக்கிறீங்களா, எனக்கு அரை மணி நேரம் கூடத் தூக்கம் கிடைக்கும்’ என்று கேட்டுப் பாருங்கள். உரிமையோடு கேட்டால் பெரியவர்களுக்குப் பிடிக்கும்.

சரி, நடைக்கு வருவோம். ‘நடப்பதே இல்லை’ என்ற எண்ணத்தில்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீசுக்குக் கால் மணி நேரம் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போகப் பதினைந்து, வரப் பதினைந்து. வாரம் ஆறு நாள் வேலை என்றால் 180 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற நிபந்தனை இருந்தது. 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமாக இருந்தாலும் கணக்கில் சேரும். ஆக நேரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வேகம் மட்டும்தான் வேண்டும்.

எவ்வளவு வேகம்? நீங்கள் பாடகர் குழுவில் பாடியவர் என்பதால் உங்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். நடக்கும்போது கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. மூச்சு அந்த அளவுக்கு வாங்கினால் மிதமான பயிற்சி. பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வீசி நடக்கலாம். பேசவே முடியவில்லை என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கடியில் இருக்கும் ஷூவை எடுத்து ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போங்கள். ஆபீஸ் செருப்பை மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளலாம். சேலைக்கு ஷூவா என்று முதல் வாரம் யாராவது கேட்பார்கள், அப்புறம் கேட்கமாட்டார்கள். சோற்றுப் பாத்திரம், குடை, தண்ணீர் எல்லாம் ஒரே தோளில் தொங்கினால் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு தோளிலும் மாட்டுகிற பை வாங்குங்கள். வேப்பமூடு பக்கம் காலை நெரிசலில் வீசி நடக்க முடியாதுதான். நெரிசல் இல்லாத தெரு ஒன்று பக்கத்தில் இருக்கும், இரண்டு நிமிடம் சுற்றானாலும் அதில் போங்கள்.

இதோடு இன்னும் ஒன்று, மருத்துவர் என்ற முறையில் நான் விடாப்பிடியாகக் கேட்பது. மதியமும் இரவும் சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் நடங்கள். சாப்பிட்ட பிறகுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்த நேரத்தில் கால் தசை வேலை செய்தால், இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உங்களைப் போல எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு இது மிகவும் பயன்படும். மதியம் ஆபீஸ் வராந்தா போதும். இரவு வீட்டு முற்றத்தில் மகனையும் கூட்டிக்கொண்டு நடங்கள். பாடம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அவன் வாய்க்கு வந்ததைப் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருந்தால் வருடத்தில் பாதி போய்விடும். முற்றம் நனைந்தால் வீட்டுக்குள்ளேயே, முன்வாசலிலிருந்து அடுக்களை வரை போய்வாருங்கள்.

முழங்கால் ஏன் வலித்தது என்று பார்ப்போம். 71 கிலோ எடை, பல வருடம் உட்கார்ந்த வேலை, நாலு மணி நேரத் தூக்கம், எடுத்த எடுப்பிலேயே 45 நிமிடம். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. அதில் பலம் இல்லாவிட்டால் பாரம் நேராக மூட்டில் இறங்கும். வயது நாற்பதைத் தாண்டும்போது தசையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வரும். நடை மட்டும் அதைத் தடுக்காது. அதனால்தான் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஜிம் வேண்டாம். ஒரு நாற்காலி போதும்.

சக்கரம் இல்லாத, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். ஆபீசில் இருக்கும் சக்கர நாற்காலியில் இதைச் செய்யவே கூடாது, பின்னால் நழுவிவிடும். நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், இடுப்பகலம் தள்ளி இருக்க வேண்டும். குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வரட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வந்ததும் குதிகாலை அழுத்தி எழுந்திருங்கள். எழும்போது முழங்கால் இரண்டும் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாய்கிறதா என்று பாருங்கள். பல பெண்களுக்குச் சாயும். கால் பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நேராக முழங்கால் போகும்படி வெளியே தள்ளிப் பிடியுங்கள். உட்காரும்போது மூன்று வரை எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பயிற்சியின் பாதிப் பலன் போய்விடும், ஏனென்றால் மெதுவாக இறங்கும்போதும் தசை உழைக்கிறது. வலித்தால் நாற்காலிமேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முதலில் ஐந்து தடவை, ஒரு நிமிடம் நின்று மறுபடி ஐந்து. இரண்டு வாரத்தில் பத்துப் பத்தாகக் கூட்டலாம். மொத்தமே நான்கு நிமிடம் ஆகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும்.

புட்டுக்குழலில் ஆவி வரும்வரை அடுப்படியில் நிற்கிறீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். மேடை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, கால்களைப் பின்னால் தள்ளி, நெஞ்சை மேடைப்பக்கம் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளினால் தோளுக்கும் கைக்கும் ஆயிற்று. மேடை ஈரமில்லாமல் இருக்கட்டும். முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, இரவில் படுத்த நிலையிலும் வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. நம் ஊர் வழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். சப்பாத்தி, ஓட்ஸ் என்று புதிதாக எதையும் வாங்க வேண்டாம். சம்பா அரிசிச் சோறும், மீன் குழம்பும், முருங்கையிலைத் துவரனும், பயறும் இருக்கிற சாப்பாட்டைவிட நல்ல சாப்பாட்டை நான் எங்கே போய்த் தேடுவேன்? அளவும் கூட்டணியும்தான் பிரச்சினை. மரச்சீனிக் கிழங்கு பெரும்பாலும் மாவுச்சத்து. கிழங்கு சாப்பிடுகிற வேளையில் அதுவே சோறு. கிழங்கும் மீனும் சாப்பிட்டுவிட்டு அதன்மேல் ஒரு தட்டுச் சோறும் போட்டால் இரண்டு வேளைச் சாப்பாடு ஆகிவிடும். அரிசி சிவப்பாக இருந்தாலும் அளவு அளவுதான். தட்டில் பாதியைத் துவரனும் பொரியலுமாகக் காய்கறி நிரப்பட்டும். கால்பங்கு மீனோ முட்டையோ பயறோ இருக்கட்டும். மீதிக் கால்பங்குக்குச் சோறு.

சாளையும் நெத்திலியும் அயிலையும் விலை மலிந்து கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு, புரதத்துக்குப் பவுடர் டப்பா வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலியில் கால்சியமும் இருக்கிறது. மீனைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள், அவ்வளவுதான். ஜூன், ஜூலையில் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை வரும், மீன் விலை ஏறும். அப்போது முட்டையும் சிறுபயறும் கொண்டைக்கடலையும் இருக்கவே இருக்கின்றன.

சாயாவில் இரண்டு கரண்டிச் சர்க்கரை, நாளைக்கு நாலு சாயா என்றால் முப்பது, நாற்பது கிராம் சர்க்கரை அதிலேயே போய்விடும். சேர்க்கிற சர்க்கரை மொத்தமாக 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. ஒரேயடியாக நிறுத்தினால் ஒரு வாரம்கூடத் தாங்காது. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், நாக்கு பழகிவிடும். கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியில்லை. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். பழம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நன்றாகப் பழுத்த பெரிய ஏத்தன் பழத்துக்குப் பதில் ஒரு மட்டிப் பழம் சாப்பிடுங்கள். சாயங்காலம் பஜ்ஜிக்குப் போகிற கைக்கு, காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் வறுத்த நிலக்கடலையோ அவித்த பயறோ போட்டுக் கொண்டுபோங்கள். பசித்த பிறகு யோசித்தால் சாயாக்கடைதான் ஜெயிக்கும்.

6.1 என்பதைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளியும் போட வேண்டாம். எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நீங்கள் இன்னும் இந்தப் பக்கம்தான் நிற்கிறீர்கள். இந்த நிலையில் இருப்பவர்களை வைத்துச் சென்னையில் நடத்திய ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் நீரிழிவுக்குப் போகும் அபாயம் சுமார் 28 சதவீதம் குறைந்தது. எடை கூடுதலாக இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைத்து வாரம் 150 நிமிடம் நடக்க இலக்கு வைத்தார்கள். அங்கே 58 சதவீதம் குறைந்தது. 71-ல் ஏழு சதவீதம் என்றால் ஐந்து கிலோ. கல்யாணத்தின்போது இருந்த எடைக்குத் திரும்ப வேண்டும் என்று நினைத்து மலைக்காதீர்கள். ஐந்து கிலோ, அதுவும் ஆறு மாதத்தில் போதும். எடையைவிட இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. தையல் டேப் வீட்டில் இருக்கும். மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும் தூக்கத்தின் தலையிலும் வேலையின் தலையிலும் போடுவதற்குமுன் சில பரிசோதனைகள் தேவை. உங்கள் வயதுப் பெண்களுக்குக் களைப்பும் எடை கூடுவதும் எரிச்சலும் தைராய்டு குறைவாலும் வரும், ரத்தசோகையாலும் களைப்பும் எரிச்சலும் வரும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் எவ்வளவு தூங்கினாலும் படியேறும்போது மூச்சு வாங்கலாம். மாதவிடாய் முன்னைவிட அதிகமாகப் போகிறதா, நாள் தள்ளிப்போகிறதா என்று கவனியுங்கள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டே நிறையப் பேர் இரும்புச்சத்து இல்லாமல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். தூங்கும்போது குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி12, கொழுப்பு அளவு இவற்றைப் பார்த்துவிடுங்கள். தனியார் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம், தேவைப்பட்டால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

மகன்மேல் எரிந்து விழுவது பற்றி எழுதியிருந்தீர்கள். இரண்டு மூன்று வாரம் சரியாகத் தூங்கினால் இதில் பாதி தணியும் என்று எதிர்பார்க்கிறேன். தூங்கியும் தணியவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, படுத்தும் தூக்கம் வரவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது, குணமாகும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள், வீட்டிலும் ஒருவரிடம் சொல்லுங்கள்.

எதை விடுவது என்று கேட்டீர்கள். இரவு வீட்டில் எல்லாரும் தூங்கியபின் அடுக்களையைப் பளபளவென்று துடைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். பையனின் புத்தகப் பையை நீங்கள் அடுக்குவதை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று கறி, ஒரு பொரியல், பாயசம் என்று வைப்பதை விடுங்கள். படுத்தபின் போனில் அடுத்தவர் வீட்டு விசேஷப் படங்களைத் தள்ளிக்கொண்டிருப்பதை விடுங்கள். பாடகர் குழுவை மட்டும் நீங்கள் விட்டிருக்கக் கூடாது. வாரத்தில் ஒருநாள் ஒத்திகை, ஞாயிறு பூசையில் பாட்டு. உங்களுக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான் போலிருக்கிறது. நீளமாக மூச்செடுத்து, நாலு பேரோடு சேர்ந்து பாடி, யாருக்கும் அம்மாவாகவோ மருமகளாகவோ கணக்காளராகவோ இல்லாமல் ஒரு மணி நேரம் இருப்பது உடம்புக்கும் நல்லது. நேரமில்லாதபோது பெண்கள் முதலில் வெட்டிவிடுவது தங்களுக்குப் பிடித்ததைத்தான். வருகிற சனிக்கிழமையே ஒத்திகைக்குப் போங்கள். இரவுச் சமையல் அன்று மகள் பொறுப்பு. கஞ்சியும் பயறும் வைத்தால் போதும்.

இவை எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் தூக்கத்தை மட்டும் பாருங்கள், ஷூவைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போங்கள். மூன்றாம் வாரம் சாப்பிட்டபின் நடையும் நாற்காலியும். சாயா சர்க்கரையைக் குறைப்பது இதற்கு நடுவில் தன்போக்கில் நடக்கட்டும். ஒருநாள் மழையிலோ பரீட்சைக் காலத்திலோ விட்டுப்போனால் மறுநாள் தொடர்ந்தால் சரி, விட்டதற்கு ஈடுகட்டுகிறேன் என்று இரட்டிப்பாகச் செய்து முழங்காலைத் திரும்ப வலிக்க வைக்காதீர்கள்.

எச்.பி.ஏ.1.சி. என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டுவது. அதனால் அடுத்த மாதமே போய்ப் பரிசோதித்துவிட்டு, குறையவில்லை என்று மனம் உடைய வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அந்த எண், இடுப்புச் சுற்றளவு, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்து என்ன செய்வது என்று அப்போது பேசுவோம்.